ரீடைரக்ட்டுக்குப் பிறகு செய்தி ஏன் தொலைகிறது?

கேள்வி சுருக்கமாக இது: ஃபார்மை அனுப்பியதும் தகவலைச் சேமித்துவிட்டு வேறொரு பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்கிறோம். போய்ச் சேரும் பக்கத்தின் தலையில் "முகவரி சேமிக்கப்பட்டது" என்று ஒரு வரி வர வேண்டும். செஷனில் (தளம் ஒவ்வொரு பயனருக்கும் தனியாக வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பில்) வைத்து எடுத்தால் பெரும்பாலும் வருகிறது. சில நேரம் வருவதே இல்லை, சில நேரம் இரண்டு தடவை வருகிறது, சில நேரம் சம்பந்தமில்லாத பக்கத்தில் போய்த் தலைகாட்டுகிறது. பேசாமல் யூஆர்எல்லிலேயே செய்தியை ஒட்டி அனுப்பிவிடலாமா?

ஒட்டாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். செஷனில் வைத்தது ஏன் இப்படி ஆட்டம் காட்டுகிறது என்பதை முதலில் பார்ப்போம். உங்கள் சிக்கலில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

ஒரு முறை முழுதாக ஓட்டிப் பார்க்கலாம். பயனர் "சேமி" பொத்தானை அழுத்துகிறார். பிரவுசர் /ஆர்டர்/42/முகவரி என்ற இடத்துக்கு ஒரு போஸ்ட் ரிக்வெஸ்ட் (தகவலைக் கொடுக்கும் கோரிக்கை) அனுப்புகிறது. சர்வர் டேட்டாபேஸில் எழுதுகிறது, செஷனில் செய்தியைப் போட்டு வைக்கிறது, பிறகு பக்கம் எதுவும் இல்லாத வெறும் பதிலைத் திருப்புகிறது: ஸ்டேட்டஸ் 303 ("வேறு முகவரிக்குப் போய்ப் பார்" என்ற எண்), எங்கே போக வேண்டும் என்று சொல்லும் லொகேஷன் ஹெட்டரில் /ஆர்டர்/42. பிரவுசர் அந்த முகவரியை கெட் முறையில் (பக்கத்தைக் கேட்டு வாங்கும் கோரிக்கையாக) கேட்கிறது. சர்வர் செஷனைத் திறந்து செய்தியை எடுத்துப் பக்கத்தில் பதிக்கிறது, செஷனிலிருந்து அழித்துவிடுகிறது. இனி ரிஃப்ரெஷ் அழுத்தினால் கெட் மட்டும்தான் மறுபடி ஓடும். ஃபார்ம் இரண்டாம் முறை போகாது, செய்தியும் வராது. போஸ்ட், ரீடைரக்ட், கெட் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லும் பழைய உத்தி இது. அதில் பயணிக்கும் செய்திக்கு ஃபிளாஷ் மெசேஜ் என்று பெயர்.

எச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. போஸ்ட்டும் அதற்குப் பின் வரும் கெட்டும் ஒன்றையொன்று அறியாத இரண்டு ரிக்வெஸ்ட்கள். நடுவில் செய்தியை யாராவது பிடித்து வைத்திருக்க வேண்டும். அதற்காகச் செஷனையோ குக்கியையோ (பிரவுசர் சேமித்து ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டோடும் அனுப்பும் சிறு குறிப்பு) பிடிக்கிறோம். இரண்டுமே அந்தப் பயனரின் பிரவுசருக்கு உரியவை, அந்தக் குறிப்பிட்ட போஸ்ட்டுக்கு உரியவை அல்ல. நீங்கள் சொன்ன எல்லாக் கோளாறும் இந்த ஓர் இடைவெளியிலிருந்து கிளம்புபவை. நமக்கு வேண்டியது "பயனர் அடுத்து பார்க்கும் பக்கம்". ஃபிரேம்வொர்க் (தளம் கட்ட உதவும் ஆயத்த மென்பொருள்) தருவதோ "இந்தச் செஷனில் வரும் அடுத்த ரிக்வெஸ்ட்". இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல.

ஃபிரேம்வொர்க்குகள் இதில் இரண்டு கட்சி. ரெயில்ஸும் லாராவெலும் ரிக்வெஸ்ட்டை எண்ணுகின்றன: செய்தி அடுத்த ரிக்வெஸ்ட் வரை உயிரோடு இருக்கும், யாரும் படித்தாலும் படிக்காவிட்டாலும் அதற்குப் பிறகு போய்விடும். ஜாங்கோவும் சிம்ஃபனியின் வழக்கமான ஃபிளாஷ் பையும் படிக்கும்வரை காத்திருக்கின்றன: டெம்ப்ளேட் செய்தியை எடுக்கும்போதுதான் அது அழியும். ஏஎஸ்பி டாட் நெட்டின் டெம்ப் டேட்டாவும் இந்த இரண்டாவது கட்சிதான்.

முதல் கட்சியில் இருந்தால் செய்தி தொலையும். போஸ்ட்டிலிருந்து முகப்புக்கு ரீடைரக்ட் செய்கிறீர்கள், முகப்பு "இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்" என்று பார்த்து டாஷ்போர்டுக்கு இன்னொரு ரீடைரக்ட் போடுகிறது. "அடுத்த ரிக்வெஸ்ட்" என்ற கணக்கு முகப்போடு முடிந்துவிட்டது, டாஷ்போர்டு வரும்போது கை காலி. இதற்காகவே ரெயில்ஸில் கீப், லாராவெலில் ரீஃபிளாஷ் என்று தனி மெத்தட்கள் இருக்கின்றன. நடுவழியில் ரீடைரக்ட் செய்யும் ஒவ்வொரு இடத்திலும் அதை அழைக்க வேண்டும். அழைக்க மறப்பது சகஜம். முடிந்தால் நேராகக் கடைசி முகவரிக்கே அனுப்பிவிடுவதுதான் என் பரிந்துரை.

இரண்டாவது கட்சியில் செய்தி தொலையாது, தேங்கும். செய்தி காட்டும் பகுதியே இல்லாத ஒரு லேஅவுட்டுக்கு ரீடைரக்ட் ஆகிறது என்று வையுங்கள். அச்சிடும் பதிப்பு, படிப்படியாக நகரும் பதிவுப் பக்கம், இப்படி ஏதோ ஒன்று. யாரும் எடுக்காத செய்தி செஷனில் உட்கார்ந்திருக்கும். நாலைந்து முறை இப்படி நடந்தபின் பயனர் சாதாரணப் பக்கம் ஒன்றைத் திறந்தால், அரை மணி நேரத்துக்கு முந்தைய "சேமிக்கப்பட்டது" எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நீங்கள் சொன்ன "சம்பந்தமில்லாத பக்கம்" பெரும்பாலும் இதுவே. அடிப்படை லேஅவுட்டில் ஓர் இடத்தில் மட்டும் செய்தியைக் காட்டுங்கள், எல்லா லேஅவுட்டும் அதை வாரிசாகப் பெறட்டும்.

இரண்டு தடவை வருவதுதான் கொஞ்சம் சுவாரசியமான கோளாறு. செஷன் முழுவதையும் குக்கியிலேயே வைக்கும் அமைப்புகளில் இது நடக்கும். ஃபிளாஸ்க்கும் ரெயில்ஸும் வழக்கமாக அப்படித்தான் வைக்கின்றன. உங்கள் பக்கத்தில் அறிவிப்பு எண்ணிக்கையைச் சில விநாடிக்கொரு முறை கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது, இன்னொரு டேபிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. 303 வந்ததும் குக்கியில் செய்தி ஏறிவிட்டது. பிரவுசர் கெட் அனுப்புகிறது. அதே கணத்தில் மற்ற டேப் செய்தி ஏறிய அதே குக்கியோடு எண்ணிக்கையைக் கேட்கிறது. கெட் முதலில் முடிகிறது: செய்தி காட்டப்பட்டது, செய்தி நீங்கிய புதுக் குக்கி வந்து சேர்ந்தது. எண்ணிக்கை ரிக்வெஸ்ட் சற்றுத் தாமதமாக முடிகிறது. "கடைசியாகப் பார்த்த நேரம்" போன்ற எதையோ செஷனில் எழுதியதால் அதுவும் ஒரு செஷன் குக்கியைத் திருப்பி அனுப்புகிறது. அந்தக் குக்கியில் செய்தி இன்னும் இருக்கிறது. கடைசியில் வந்த குக்கி முந்தையதை மேலெழுதும். செத்த செய்தி உயிர்பெற்று அடுத்த பக்கத்தில் எழுந்து நிற்கிறது.

இதையே தலைகீழாகப் போட்டால் செய்தி தொலையும். போஸ்ட்டுக்கு முன் கிளம்பிய எண்ணிக்கை ரிக்வெஸ்ட் 303-க்குப் பின் திரும்பி வந்தால், செய்தி இல்லாத பழைய செஷனைக் கொண்டுவந்து மேலே அப்பிவிடும். உங்கள் கணினியில் சோதிக்கும்போது எல்லாம் மின்னல் வேகம் என்பதால் இது கண்ணில் படாது. நெட்வொர்க் மந்தமான பயனருக்குத்தான் நடக்கும். பின்னணியில் ஓடும் ரிக்வெஸ்ட்கள் செஷனைத் தொடவே கூடாது என்பதே மருந்து. குறைந்தது, செஷனில் எதுவும் மாறாதபோது குக்கியைத் திருப்பி எழுதக் கூடாது. செய்திக்கென்று தனிக் குக்கி வைப்பது இன்னும் நல்லது. ஜாங்கோ 2010-ல் 1.2 பதிப்போடு கொண்டுவந்த மெசேஜ் அமைப்பு அப்படித்தான் செய்கிறது: முதலில் தனிக் குக்கி, அதில் கொள்ளாவிட்டால்தான் செஷன்.

சர்வர் பக்கம் செஷன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. எக்ஸ்பிரஸ் போன்ற நோட் சூழலில் செஷன் சேமிப்பு தனியாக, நேரமெடுத்து நடக்கும் வேலை. ரீடைரக்ட் பதில் பிரவுசரைத் தொட்டு, பிரவுசர் கெட் அனுப்பி, அந்த கெட் செஷனைப் படிப்பதற்குள் பழைய எழுத்து முடியாமல் இருக்கக்கூடும். செஷனின் சேவ் மெத்தடை நீங்களே அழைத்து, அது முடிந்தபின் ரீடைரக்ட் செய்யுங்கள். பிஎச்பி எழுதுபவர்கள் லொகேஷன் ஹெட்டரை அனுப்பிய கையோடு எக்ஸிட் போட வேண்டும். போடாவிட்டால் அதன் கீழே இருக்கும் கோடும் (நிரலும்) ஓடும், அங்கே செய்தியை எடுத்து அழிக்கும் வரி இருந்தால் காட்டும் முன்பே கதை முடிந்தது.

இப்போது என் சந்தேகப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது வேறொன்று. ஃபார்மை நேராக அனுப்பாமல் ஜாவாஸ்கிரிப்ட்டின் ஃபெட்ச் (பக்கம் மாறாமல் பின்னணியில் ரிக்வெஸ்ட் அனுப்பும் வசதி) வழியாக அனுப்புகிறீர்களா? ஃபெட்ச் ரீடைரக்ட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் தானே பின்தொடரும். அதாவது 303 வந்ததும் கெட்டை அதுவே அனுப்பி, முழுப் பக்கத்தையும் வாங்கி உங்கள் கோடிடம் கொடுக்கிறது. அந்தப் பக்கத்தில் செய்தி பதிந்தாகிவிட்டது, செஷனிலிருந்தும் அழிந்தாகிவிட்டது. உங்கள் கோடோ அந்தப் பக்கத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, முகவரியை மட்டும் எடுத்துக்கொண்டு பிரவுசரை அங்கே போகச் சொல்கிறது. இது இரண்டாவது கெட். செய்தி இல்லை. கடிதத்தை வழியிலேயே ஒருவர் பிரித்துப் படித்துக் கிழித்துவிட்டு, வெறும் உறையைக் கொண்டுவந்து கொடுத்த மாதிரி. ஃபெட்ச்சைத் தானாகப் பின்தொடர வேண்டாம் என்று சொன்னாலும் லொகேஷன் ஹெட்டரைப் படிக்க அது விடாது. ஆகவே ஃபெட்ச்சுக்குப் பதில் தரும்போது ரீடைரக்ட்டே வேண்டாம். போக வேண்டிய முகவரியை ஜேசானில் (கோடு படிக்கும் தரவு வடிவில்) கொடுங்கள், செய்தி செஷனிலேயே இருக்கட்டும், பிரவுசர் அந்த முகவரிக்குப் போகும்போது வழக்கம்போல வெளிவரும். பக்கம் மாறவே போவதில்லை என்றால் செய்தியையும் ஜேசானிலேயே கொடுத்து அங்கேயே காட்டிவிடலாம், செஷனுக்கு வேலையே இல்லை.

இந்த இடத்தில் ஸ்டேட்டஸ் எண் பற்றி. பலரும் வழக்கத்தால் 302 போடுகிறார்கள். எச்டிடிபி 1.0-ஐ விவரித்த ஆர்எஃப்சி 1945 என்ற இணைய நெறிமுறை ஆவணம் (மே 1996), 302 கிடைத்ததும் சில பிரவுசர்கள் போஸ்ட்டை கெட்டாக மாற்றுவது தவறு என்றே குறிப்பு எழுதி வைத்தது. பிரவுசர்கள் மாறவில்லை. அதனால் எல்லோரும் நடைமுறையில் செய்துகொண்டிருந்ததற்கு முறையான எண்ணாக 1997 ஜனவரியில் ஆர்எஃப்சி 2068-ல் 303 வந்தது. "கெட் போட்டு அங்கே பார்" என்பதே அதன் பொருள். போஸ்ட் மட்டும் இருந்தவரை 302, 303 வித்தியாசம் யாருக்கும் உறைக்கவில்லை. ஃபெட்ச் வந்தபின் உறைக்கிறது: 302-க்கு அது போஸ்ட்டை மட்டும்தான் கெட்டாக மாற்றும், டெலீட்டை மாற்றாது. ஒரு வரிசையை டெலீட் முறையில் நீக்கிவிட்டுப் பட்டியல் பக்கத்துக்கு 302 கொடுத்தால், பட்டியல் முகவரிக்கும் டெலீட்டே போகும். அப்படியொரு ரூட் இல்லாவிட்டால் 404 அல்லது 405 பிழை. இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 303 போடுங்கள்.

பல டேப்கள் பிரச்சினைக்கு ஒழுங்கான யோசனை ஸ்பிரிங்கில் இருக்கிறது. 3.1 பதிப்பிலிருந்து அது செய்தியோடு "இது எந்த முகவரிக்குப் போக வேண்டியது" என்பதையும் சேர்த்து வைக்கிறது. வேறு முகவரிக்கு வரும் ரிக்வெஸ்ட்டுக்குச் செய்தியைக் கொடுக்காது. யாரும் வந்து எடுக்காவிட்டால் 180 விநாடியில் காலாவதி. உங்கள் ஃபிரேம்வொர்க்கில் இது இல்லையென்றால் நீங்களே செய்துகொள்ளலாம்: செய்தியை ஊகிக்க முடியாத ஓர் அடையாள எண்ணின் கீழ் செஷனில் வையுங்கள், அந்த எண்ணை மட்டும் ரீடைரக்ட் முகவரியின் வாலில் சேருங்கள். எண்ணைக் கொண்டுவரும் பக்கத்துக்கே செய்தி. ரிஃப்ரெஷ் செய்தால் எண் இருக்கும், செய்தி இருக்காது, ஒன்றும் காட்டாது.

இனி நீங்கள் கேட்ட யூஆர்எல். செய்தியையே முகவரியில் வைத்தால், அந்த முகவரியை உருவாக்கும் எவரும் உங்கள் தளத்தின் வாயால் பேசலாம். "உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று எழுதி லிங்க்கை யாருக்கோ அனுப்பினால், உங்கள் டொமைனில், உங்கள் பச்சைப் பெட்டிக்குள், உங்கள் எழுத்துருவில் அது தெரியும். எஸ்கேப் செய்யவும் (குறிகளைக் கோடாக ஓடாதபடி மாற்றவும்) மறந்திருந்தால் ஸ்கிரிப்ட்டே ஓடும். அதோடு, புக்மார்க் செய்தால், நண்பருக்குப் பகிர்ந்தால், ரிஃப்ரெஷ் அழுத்தினால் ஒவ்வொரு முறையும் "சேமிக்கப்பட்டது" என்று பொய் சொல்லும்.

செய்திக்குப் பதில் ஒரு குறியீட்டை வைப்பது மரியாதையான வழி. வேர்ட்பிரஸ் நிர்வாகப் பக்கங்கள் காலங்காலமாக இதைத்தான் செய்கின்றன: முகவரியின் வாலில் மெசேஜ் = 6 என்றால் பதிவு வெளியிடப்பட்டது, 1 என்றால் புதுப்பிக்கப்பட்டது. சர்வருக்குத் தெரிந்த எண்ணுக்கு மட்டுமே செய்தி, வேறு எதுவும் பேச முடியாது. 4.2 பதிப்பிலிருந்து பக்கம் திறந்ததும் ஹிஸ்டரியின் ரீப்ளேஸ் ஸ்டேட் மூலம் அந்த வாலை முகவரிப் பட்டையிலிருந்து அறுத்தும் விடுகிறது, ரிஃப்ரெஷ் சிக்கலும் தீர்ந்தது. செஷனே இல்லாத தளத்துக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான். ஒரே நிபந்தனை: பொய்யாக வரவழைத்தாலும் கேடு விளைவிக்காத செய்திகளுக்கு மட்டும். "பணம் வந்து சேர்ந்தது" என்பதை இப்படிக் காட்டக் கூடாது.

குக்கியில் செய்தி வைப்பவர்கள் தமிழில் செய்தி எழுதும்போது அளவைப் பார்க்க வேண்டும். பிரவுசர்கள் ஒரு குக்கிக்குச் சுமார் 4096 பைட் வரைதான் இடம் தரும். "சேமிக்கப்பட்டது" என்பது யூனிகோடில் 15 குறியெண்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 45. குக்கியில் போட அதைச் சதவீதக் குறி முறையில் மாற்றினால் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகி 135 வந்து நிற்கும். ஒரே சொல்லுக்கு! ஜாங்கோ தன் மெசேஜ் குக்கிக்கு 2048 பைட் என்றே எல்லை வைத்திருக்கிறது. நாலு நீளமான எச்சரிக்கைகள் சேர்ந்தால் இடம் தீர்ந்துவிடும், எல்லை மீறிய குக்கியைப் பிரவுசர் சத்தமில்லாமல் தூக்கிப்போடும். செய்தியின் வாசகத்தை வைக்காமல் "முகவரி.சேமிப்பு" மாதிரி ஒரு சாவியை வைத்து, காட்டும் நேரத்தில் வாசகமாக மாற்றுங்கள். பயனர் நடுவில் மொழியை மாற்றினாலும் சரியான மொழியில் வரும். கையொப்பமிட்ட குக்கியைத் திருத்த முடியாதே தவிரப் படிக்க முடியும், ரகசியம் எதையும் அதில் எழுத வேண்டாம்.

கேஷைப் பற்றி நீட்ட மாட்டேன். செய்தி பதிந்த பக்கத்தை சிடிஎன் (பக்கங்களின் நகலை வைத்து வழங்கும் இடைச் சர்வர்கள்) கேஷ் செய்தால் ஒருவருக்கான "நல்வரவு" ஊருக்கே தெரியும், எனவே அந்தப் பதிலில் நோ-ஸ்டோர் ("சேமிக்காதே" என்ற குறிப்பு) கட்டாயம். பேக் பொத்தானை அழுத்தும்போது பிரவுசர் நினைவில் வைத்திருந்த பழைய பக்கத்தை அப்படியே எழுப்பிக் காட்டினால் பழைய செய்தியும் கூட வரும். பேஜ்-ஷோ நிகழ்வில் பெர்சிஸ்டட் உண்மையாக இருந்தால் செய்திப் பெட்டியை அகற்றிவிடுங்கள்.

பணம் செலுத்தும் தளத்துக்குப் போய்த் திரும்பும்போது மட்டும் செய்தி தொலைகிறதா? திரும்பி வருவது போஸ்ட்டாக இருக்கும். 2020 பிப்ரவரியில் வெளிவந்த குரோம் 80 தொடங்கி, சேம்சைட் (வேறு தளத்திலிருந்து வரும் ரிக்வெஸ்ட்டோடு குக்கி போகலாமா என்ற அமைப்பு) குறிப்பிடாத குக்கிகள் லாக்ஸ் என்று கொள்ளப்படுகின்றன, வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட்டோடு லாக்ஸ் குக்கி போகாது. உங்கள் சர்வர் "யாரோ புதியவர்" என்று எண்ணிப் புதுச் செஷன் குக்கியைக் கொடுத்து, நல்ல செஷனை மேலெழுதிவிடும். அந்தப் போஸ்ட்டைச் செஷனைத் தொடாமல் கையாளுங்கள். முடிவை ஆர்டரோடு டேட்டாபேஸில் எழுதி, 303 கொடுங்கள். அடுத்து வரும் கெட்டில் பழைய குக்கி வந்துவிடும். ஆர்டரின் நிலையைப் படித்தே பக்கம் பேசட்டும். பணம் சம்பந்தப்பட்ட எதையும் ஒரு முறை மின்னி மறையும் செய்தியிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது என் கருத்து.

பார்வையற்ற பயனர்கள் விஷயத்தில் பெரும்பாலான ஃபிரேம்வொர்க் எடுத்துக்காட்டுகள் பாதி வழியில் நிற்கின்றன. 2018 ஜூனில் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற அணுகல்தன்மை வழிகாட்டியின் 4.1.3 விதியைப் படித்துவிட்டு, செய்திப் பெட்டிக்கு ஸ்டேட்டஸ் ரோல் கொடுத்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ரோல் பெட்டியை லைவ் ரீஜன் ஆக்குகிறது, அது பக்கம் திறந்த பிறகு உள்ளே நடக்கும் மாற்றத்தை வாசிக்கத்தான். ரீடைரக்ட்டில் செய்தி பக்கத்தோடேயே பிறந்து வருகிறது, மாற்றம் எதுவும் நடக்கவில்லை, திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் பல நேரம் வாய் திறக்காது. பிரிட்டன் அரசின் டிசைன் சிஸ்டம், வெற்றிச் செய்திப் பட்டைக்குப் பக்கம் திறந்ததும் கீபோர்டு ஃபோகஸைக் கொண்டுபோய் வைக்கிறது, அது வேலை செய்யும். பக்கத்தின் டைட்டிலிலேயே முடிவை முன்னால் வைப்பது இன்னும் எளிது: "முகவரி சேமிக்கப்பட்டது – ஆர்டர் 42". பக்கம் திறந்ததும் ஸ்கிரீன் ரீடர் முதலில் வாசிப்பது டைட்டிலைத்தான். மூன்று விநாடியில் தானாக மறையும் பெட்டிகளைத் தவிருங்கள், மெதுவாகப் படிப்பவருக்கும் திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கும் அது கிடைக்காது.

பிழைச் செய்திக்கு ரீடைரக்ட்டே கூடாது. ஃபார்மில் தவறு இருந்தால் 422 ("இந்தத் தகவலை ஏற்க முடியாது" என்ற ஸ்டேட்டஸ்) கொடுத்து, பயனர் தட்டியது அப்படியே இருக்க அதே ஃபார்மைத் திருப்பிக் காட்டுங்கள். தவறு எந்தப் பெட்டியிலோ அதன் பக்கத்தில் செய்தி. ரெயில்ஸில் இங்கே வெறும் ஃபிளாஷைப் பயன்படுத்தினால் செய்தி இந்தப் பக்கத்திலும் வரும், பயனர் அடுத்து எங்கே போனாலும் அங்கேயும் வரும். அதற்குத்தான் ஃபிளாஷ்.நவ் இருக்கிறது. வெற்றிச் செய்தியை டிரான்ஸாக்ஷன் கமிட் ஆன (டேட்டாபேஸில் எழுதியது உறுதியான) பிறகே வையுங்கள். மின்னஞ்சலை வரிசையில் மட்டும் போட்டிருந்தால் "அனுப்பப்பட்டது" என்று சொல்லாமல் "சற்று நேரத்தில் வந்து சேரும்" என்று சொல்லுங்கள்.

உங்கள் தளத்தில் இவற்றில் எது நடக்கிறது என்று கண்டுபிடிக்க, டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேபைத் திறந்து பிரிசர்வ் லாக் பெட்டியை டிக் செய்யுங்கள். செய்யாவிட்டால் பக்கம் மாறியதும் 303 வரி அழிந்துவிடும். ஃபார்மை அனுப்பிவிட்டு, 303-க்கும் கண்ணில் படும் பக்கத்துக்கும் நடுவே உங்கள் சர்வருக்கு வேறு என்ன ரிக்வெஸ்ட் போயிருக்கிறது, எந்தெந்தப் பதிலில் செட்-குக்கி வந்திருக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். அதே முகவரிக்கு இரண்டு கெட் இருந்தால் ஃபெட்ச். இரண்டாவது 30x இருந்தால் தொடர் ரீடைரக்ட். அறிவிப்பு எண்ணிக்கையின் பதிலில் செட்-குக்கி இருந்தால் குக்கி மேலெழுதல். இது எதுவுமே இல்லாமல் செய்தி தொலைந்தால் சர்வர் லாகில் செஷன் எழுதி முடித்த நேரத்தையும் கெட் வந்த நேரத்தையும் ஒப்பிடுங்கள்.